ஆறாம் திருத்தம்

பெக்கான் செராயா பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
நாற்பத்திரண்டு வீடுகள்.
தனித்தனி வீடு என்று சொல்வது ஒரு பேச்சுக்கு.
ஒரே கேட், ஒரே படி,
கீழே ஒருவர், மாடியில் ஒருவர்;
கார் மட்டும் ஆளுக்கொன்று, மூக்கும் வாலும் முட்டிக்கொண்டு.
பின்னால் இருப்பவர் எடுத்தால்தான்
முன்னால் இருப்பவர் வேலைக்குப் போக முடியும்.
வரைந்தது நான்தான். திட்டுவதானால்
இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

விளம்பரப் பலகையில் பெயர் ‘லேடெக்ஸ் ரோ’.
கடைசி எழுத்திலிருந்து வெள்ளையாய் ஒரு சொட்டு தொங்கும்.
கோலாலம்பூரில் ஏசி அறையில் யாரோ வைத்தது.
விற்பனைக்கு வந்த யூ மின் கேட்டாள்:
"பால் என்கிறார்களே, மாட்டுப் பாலா?"
இல்லை என்றேன். மேலே சொல்வதற்குள் போன் அடித்தது.
பதினேழாம் எண் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாதிரி வீட்டில் கூட்டம்.
செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கும் தனராஜா
காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்,
விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார்
டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல.
"நாலரை அங்குலமா?"
"நாலரைதான்."
"மேல் வீட்டுக்காரன் தும்மினால்?"
கீழிருந்து நூறு சொல்லுங்கள், என்றேன்.
சிரிக்கவில்லை.

அவர் மனைவி கலாவல்லி ஸ்டோருக்குள் நின்று
இரு கையையும் விரித்துப் பார்த்தார். நாலடிக்கு ஐந்து.
வரைபடத்தில்தான் அது ஸ்டோர்.
அவர் மனதில் ஏற்கெனவே சூடம் காட்டியாகிவிட்டது.
"புகை போக வழி?"
ஐந்தாம் திருத்தத்தில் அங்கே
ஒரு காற்றுச் செங்கல் முளைத்தது அப்படித்தான்.

ஆனால் சண்டையெல்லாம் படிக்காக.
பதினேழு படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம்,
நடுவில் ஒரு திருப்பம்.
அந்தத் திருப்பத்தில் இரண்டடிக்கு மூன்றடி
ஒரு சன்னல் வைத்தேன்.
லிம் சிவப்புப் பேனாவால் அடித்தார்.
"இதற்கு என்ன வேலை?"
வெளிச்சம் என்றேன். "விளக்கு இருக்கிறதே."
காற்று. "படியில் நின்று யார் மூச்சு வாங்கப் போகிறார்கள்?"
கேஸ் தோம்பு தூக்கி ஏறுகிற எவரும்
என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.
இருபத்தொரு படிக்கட்டு, இருபத்தொரு சன்னல்,
ஒன்று நானூற்றெண்பது ரிங்கிட்.
பெருக்கிக் காட்டினார். எனக்கும் பெருக்கத் தெரியும்.

மறுமுறை சின்னதாக வைத்தேன். போனது.
கண்ணாடிக் கட்டிகளாக அடுக்கினேன். அதுவும் போனது.
ஆறாவதில், நகராண்மைக்குப் போகும் முந்தின இரவு,
முழு அளவில் திரும்பப் போட்டேன்.
முத்திரை குத்தி வந்துவிட்டது.
லிம் இன்னும் என்னோடு தே ஓ குடிப்பதில்லை.

எனக்கு வங்கி இரண்டு முறை கடன் மறுத்தது.
இருப்பது டோபிக் கடை மேலே, வாடகை அறை.
சன்னல் உண்டு; திறந்தால் அடுத்த கடை ஏசியின் முதுகு.
இதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்றிருந்தேன்.
சொல்லிவிட்டேன், சரி.

நேற்று மழை விட்டபின் சைட்டுக்குப் போனேன்.
கூரை இல்லை, கைப்பிடி இல்லை,
பச்சை சிமெண்ட் வாசனையில் படி மட்டும்.
இருட்டில் எண்ணிக்கொண்டே ஏறினேன்.
ஒன்பதில் யாரோ இருந்தார்.
கம்பி கட்டும் ஷஃபிகுல்,
சட்டம் பொருத்தாத என் சன்னலில்
பாதி உடம்பு வெளியே பாதி உள்ளே,
கைப்பேசியை பாசார் மாலாம் பக்கமாக நீட்டியபடி.
திரையில் ஒரு குழந்தை, அசையாமல் நின்றுபோய்,
பிறகு திடீரென்று இரண்டு பல்.
என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.
"இங்கே மட்டும்தான் லைன் வருகிறது, மிஸ்"
என்றார் மலாயில்.

அளவெடுக்க வந்தேன் என்று டேப்பை இழுத்தேன்,
எதையாவது செய்ய வேண்டுமே.
இரண்டடிக்கு மூன்றடி.
அகலத்தில் ஓர் அங்குலம் குறைவு.
எழுதிக்கொள்ளவில்லை.
கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்றேன்,
பல் தெரிகிறது.